உறங்கும் வண்டிக்கும் உணவு வேண்டும்

ஓசூர் ஆலைகளில் பணிபுரிவோர் பலர் நிறுவனப் பேருந்திலேயே சென்று வருகின்றனர். வீட்டு ஸ்கூட்டரோ ஞாயிறு திருப்பலிக்கு மட்டுமே வெளியே வருகின்றது. அதுவும் ஐந்து நிமிட ஓட்டம். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சலென்று பொத்தானை அழுத்தும்போதுதான் பாட்டரி ஓய்ந்து கிடப்பது தெரிகின்றது. 1980-ல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50 வண்டியை மிதித்தே கிளப்பினோம். இன்றைய வண்டிகள் பல பாட்டரியையே நம்பி நிற்கின்றன.

ஓடாத வண்டியிலும் பாட்டரி சிறுகச் சிறுக மின்னூட்டத்தை இழக்கும். அந்நிலை நீடித்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். பிறகு மின்னேற்றினாலும் பழைய வலிமை திரும்பாது.

நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் இயக்கி அணைப்பதால், கிளப்புவதற்குச் செலவான மின்சாரம்கூட ஈடாகாது. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டுங்கள். பல வாரம் வெளியூர் செல்வதாயின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வையுங்கள். ஓய்வு நிலையில் 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால், காற்றோட்டமான இடத்தில், தீ அணுகாதவாறு மின்னேற்றுங்கள். 5 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு அரை ஆம்பியர் மின்னோட்டம் போதும்.

மணமகன் வந்த நள்ளிரவில் எண்ணெய் தேடி அலைந்த கன்னியரை நாம் அறிவோம். திருப்பலி முடிந்ததும் நேரே வீடு திரும்பாமல், சற்றுத் தொலைவில் வாழும் நோயாளி ஒருவரைக் கண்டு வருவோமே! அவ்வோட்டம் பாட்டரிக்கும் நல்லது; நம் ஆன்மாவுக்கும் நல்லது.