தேவேந்திரமுனையில் இரண்டு மணி நேரம்

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையில், புத்தம்புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீண்ட டிரெய்லர் லாரிகள் வடக்கே போகின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் உருவான கார்கள் அவை. எண்ணூரில் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றன. வரைபடத்தில் பார்த்தால் ராமேஸ்வரத்தை ஒட்டி மேற்கே திரும்பிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மணல்திட்டுகள். பல இடங்களில் ஆள் நிற்கும் ஆழம்தான். அங்கே கால்வாய் வெட்ட 2005-இல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் பாதியில் நின்றுபோனது. ஆகவே சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளியிலிருந்து மேற்கே போகும் பெரிய கப்பல் எதுவானாலும், இலங்கையின் கிழக்குக் கரையோரம் இறங்கி, தென்கோடியான தேவேந்திரமுனையைச் சுற்றித்தான் ஆகவேண்டும். கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றுவதற்காக இங்கிருந்து போகும் சரக்குப் பெட்டகங்களுக்கும் அதே வழி. நீலத்திமிங்கலங்கள் கப்பலில் அடிபட்டுச் சாகும் ஆபத்து உலகிலேயே மிக அதிகமுள்ள இடங்களில் ஒன்று அந்த முனை. இது இலங்கையின் பிரச்சினை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

திமிங்கலங்கள் ஏன் அங்கே கூடுகின்றன? கரையிலிருந்து சில கிலோமீட்டர் போவதற்குள் கடலடி செங்குத்தாக இறங்கிவிடுகிறது. ஆழத்திலிருந்து சத்து மேலே வருகிறது. அதை நம்பிச் சின்னஞ்சிறு இறால்கள் பெருகுகின்றன. மற்ற நீலத்திமிங்கலங்கள் பெரும்பாலும் இரை தேடிக் குளிர்ந்த கடல்களுக்குப் போகும். இவை ஆண்டு முழுவதும் வெப்பக்கடலிலேயே தங்கிவிடுகின்றன. இதைக் கவனித்துத் தொடர்ந்து ஆராய்ந்தவர் இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ். இவற்றின் எச்சத்தில் இருந்த மரபணுவைச் சோதித்தபோது, முக்கிய இரை செர்ஜெஸ்டிட் வகை இறால் என்று தெரிந்தது. நம் மீன் சந்தையில் படி கணக்கில் அளந்து தரும் சென்னாக்கூனியும் அந்தக் குடும்பம்தான். மின்சார ரயிலின் ஒரு பெட்டியைவிட நீளமான உயிர், அந்தக் கூனிக்காக வாலைச் செங்குத்தாகத் தூக்கி ஆழத்துக்குப் பாய்கிறது. பிறகு மேலே வந்து, மூச்சு வாங்கி, நீர்மட்டத்தில் சற்றே இளைப்பாறுகிறது. அந்த இளைப்பாறும் நிமிடங்களில்தான் கப்பல் வருகிறது. கரையை ஒட்டிய அந்தப் பாதையில் நாளொன்றுக்கு நூறு கப்பல்கள்வரை போய்வருகின்றன.

இவ்வளவு பெரிய கப்பல் வருவது அதற்குக் கேட்காதா என்ற கேள்வி நியாயமானது. கப்பலின் இரைச்சல் பெரும்பாலும் பின்னாலுள்ள சுழலியிலிருந்து எழுகிறது. முன்னால் இருநூறு, முந்நூறு மீட்டருக்கு நீளும் உடல் அந்த ஓசையை மறைத்துவிடுகிறது. நேர் எதிரே நீர்மட்டத்தில் கிடக்கும் திமிங்கலத்துக்கு, ஆபத்து வரும் திசையே அமைதியான திசையாகப் படலாம். கலிபோர்னியா கடலில் நீலத்திமிங்கலங்களின் உடலில் கருவி பொருத்திக் கவனித்தார்கள். கப்பல் நெருங்கியபோது அவை பக்கவாட்டில் விலகவில்லை. சில வேளைகளில் மெதுவாகக் கீழே அமிழ்ந்தன, சில வேளைகளில் அதுவும் இல்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளில் தன்னைவிடப் பெரிதாக எதையும் எதிர்கொள்ளாத உயிருக்கு விலகி ஓடும் பழக்கம் எங்கிருந்து வரும்?

பதிவான சாவுகள் குறைவுதானே என்பார்கள். 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு சரக்குப் பெட்டகக் கப்பலின் முகப்பில் நீலத்திமிங்கலத்தின் உடல் மடங்கித் தொங்கியது. அந்தப் படம் உலகெங்கும் போனது. ஆனால் அப்படி முகப்பில் சிக்கி ஊருக்குள் வருவது அபூர்வம். அடிபட்டது கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை என்பதுதான் வழக்கம். உடல் ஆழத்தில் மூழ்கிவிடும். தாய் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு குட்டி ஈனும் இனம் இது. 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத்திமிங்கலங்களைக் கொன்றன. அந்த அடியிலிருந்து மீளவேண்டிய கூட்டத்தில் ஒவ்வொரு தாயும் கணக்கில் வரும்.

தீர்வு புதிய கண்டுபிடிப்பு எதையும் கேட்கவில்லை. பாதையைத் தெற்கே 15 கடல் மைல் தள்ளினால் மோதல் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று, திமிங்கலங்கள் இருக்குமிடத்தையும் கப்பல்கள் போகுமிடத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் காட்டியது. 15 கடல் மைல் என்றால் சுமார் 28 கிலோமீட்டர். தாம்பரத்தில் ஏறி கடற்கரை ஸ்டேஷனில் இறங்கும் தூரம். திமிங்கலங்கள் ஆழச்சரிவை ஒட்டியே இரை தேடுவதால், அவ்வளவு விலகினாலே போதும். இதற்கு முன்மாதிரியும் உண்டு. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 2003-இலும் அமெரிக்காவின் பாஸ்டனுக்கு வெளியே 2007-இலும் திமிங்கலங்களுக்காகக் கப்பல் பாதையை நகர்த்தினார்கள். இங்கே உலகின் மிகப்பெரிய பெட்டகக் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி., யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் 2022-இல் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளிக்கொண்டது.

அதிகாரப்பூர்வப் பாதை மாறவேண்டுமானால் சர்வதேச கடல்சார் அமைப்பிடம் இலங்கை முன்மொழிய வேண்டும். கப்பல்கள் விலகிப்போனால் காலி, அம்பாந்தோட்டைத் துறைமுக வருமானம் குறைந்துவிடும் என்ற அச்சம் அங்கே இருக்கிறது. பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த நாட்டின் அச்சத்தை அலட்சியமாகப் பேசக் கூடாது. ஆனால் எண்ணெய் நிரப்பவோ ஆள் மாற்றவோ வரவேண்டிய கப்பல் அந்த 28 கிலோமீட்டரைக் கடந்து வரத்தான் போகிறது. பாதையை மாற்றுவது துறைமுகத்தை மூடுவது ஆகாது. அதே பாதையில்தான் மீனவர் படகுகளும், மிரிஸ்ஸையிலிருந்து திமிங்கலம் காட்டச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் படகுகளும் கப்பல்களுக்கு இடையே புகுந்து புறப்படுகின்றன. பாதை விலகினால் மனித உயிருக்கும் காப்பு.

எச்சரிக்கை ஒலி எழுப்பிவிட்டால் போதாதா என்பவர்களுக்கு ஒரு தகவல். வட அட்லாண்டிக்கில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், எச்சரிக்கை ஒலி கேட்ட ரைட் திமிங்கலங்கள் ஆழத்திலிருந்து நீர்மட்டத்துக்கு வந்தன. கப்பல் வந்திருந்தால் அதன் முன்னால்தான் வந்திருக்கும்.

சென்னைக் கப்பல்களின் கணக்கு இங்கே சற்று மாறுபடுகிறது. சிங்கப்பூரிலிருந்து சூயஸ் போகும் கப்பலுக்குப் பாதை விலகலால் கூடும் தூரம் மிகச் சொற்பம். கிழக்குக் கரையோரம் இறங்கி, முனையில் கூர்மையாகத் திரும்பி, கொழும்புக்கு ஏறும் நம் கப்பலுக்கு அது இருபது கடல் மைல் அளவுக்கு வரும். எனவே நமக்குப் பொருந்தும் வழி, வேகத்தைக் குறைப்பது. வங்காள விரிகுடாவைச் சுற்றிவரும் சிறிய கப்பல்களுக்கு எம்.எஸ்.சி. வைத்த விதியும் அதுவே: அந்தப் பகுதியில் மணிக்கு 10 கடல் மைலுக்குள். 15 கடல் மைல் வேகத்தில் அடிபடும் திமிங்கலம் சாவதற்கு ஏறக்குறைய 80 சதவீத வாய்ப்பு; 8.6-இல் அது 20 சதவீதம். மெதுவாகப் போனால் அங்கே தங்கும் நேரம் கூடி, மோதல்களும் கூடாதா? மெதுவாக அசையும் ஒன்றை மோதும் வாய்ப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது கப்பல் கடக்கும் தூரம், அது மாறுவதில்லை. மாறுவது, திமிங்கலம் அமிழக் கிடைக்கும் அவகாசம்.

அம்பாந்தோட்டைக்கு நேரேயிருந்து காலிக்கு நேரேவரை, வேகம் குறைக்கவேண்டிய அந்தப் பகுதியின் நீளம் சுமார் 55 கடல் மைல். 15-க்குப் பதில் 10-இல் கடந்தால் கூடுவது இரண்டு மணிக்கும் குறைவு; அந்தத் துண்டில் எரிபொருளும் மிச்சம். இதை நடைமுறைக்குக் கொண்டுவரத் தேவையானவர்கள் தென்சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே இருக்கிறார்கள். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் கேட்கும் ஓசைகளை அளக்கிறது. கப்பல் இரைச்சலைக் கேட்கும் கருவி திமிங்கலத்தின் குரலையும் கேட்கும். கப்பலோட்டும் அதிகாரிகள் உத்தண்டியில் இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். ஏற்றுமதி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கக்கூடிய கார் நிறுவனங்கள் ஒரகடத்தில் இருக்கின்றன. கொழும்பில் கப்பல் மேடை குறித்த நேரத்துக்குத்தான் கிடைக்கும், தாமதித்தால் வரிசையில் நிற்கவேண்டும் என்பது கப்பல்காரர்களின் உண்மையான கவலை. அதற்கு, திமிங்கலங்கள் அங்கே அதிகம் கூடும் டிசம்பர் முதல் ஏப்ரல்வரை, சென்னையில் கயிறு அவிழ்க்கும் நேரத்தை இரண்டு மணி முன்னே தள்ளினால் போதும்.