மன்னிப்பும் நீதியும்

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்கள் தற்கொலைத் தாக்குதல்களுக்கு இலக்காகின. மறுமாதம் நீர்கொழும்பில் பதற்றம் மூண்டபோது, ஒரு முஸ்லிமுக்கேனும் தீங்கிழைக்க வேண்டாமெனக் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை கிறிஸ்தவர்களைக் கேட்டுக்கொண்டார். எனினும், உண்மை வெளிவர வேண்டுமென்ற கோரிக்கையை அவர் கைவிடவில்லை. கிறிஸ்தவம் போதிக்கும் மன்னிப்பு என்பது பழியைத் துறப்பதேயன்றி நீதியைத் துறப்பதன்று என்பதை இது உணர்த்துகின்றது. 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பழிவாங்கலால் அன்றி, சட்டத்தின் வழியாகக் கிடைத்ததாகும்.

தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழும் குச்சவெளியில் நமக்கும் இதிற் பாடமுண்டு. சிலரது குற்றத்தை ஒரு சமூகத்தின் மீது சுமத்தாதிருப்பதே அன்றாட வாழ்வில் விசுவாசத்தைக் கடைப்பிடிப்பதாகும் என நாம் கருதுகின்றோம்.