பள்ளிக்கூடத்திலிருந்து பெருந்தெரு வரை

பெண்ணொருத்தி மோட்டார் வண்டி ஓட்டிச் செல்வதை நம்மில் எவரும் நின்று பார்ப்பதில்லை. சவூதி அரேபியாவிலோ 2018ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாளன்றுதான் பெண்களுக்கு அவ்வுரிமை கிடைத்தது. நேயர்களே, அந்நாள் திடீரெனப் புலர்ந்ததன்று. அதற்கான வித்து பள்ளிக்கூடத்தில் இடப்பட்டது.

பின்னாளில் மன்னரான பைஸலின் துணைவியார் இஃப்பத் அம்மையார், 1955இல் ஜித்தா நகரில் ‘தாருல் ஹனான்’ என்னும் பெண்கள் பாடசாலையை நிறுவினார். 1960இல் அரசே பெண்களுக்குப் பாடசாலைகளைத் திறக்க முன்வந்தது. கல்வியானது பெண்ணை மார்க்கத்தினின்றும் விலக்கிவிடுமென அஞ்சியோர் பலர். அவ்வச்சத்தைத் தணிக்கும்பொருட்டு அப்பாடசாலைகளின் மேற்பார்வை மார்க்க அறிஞர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் 1963இல் புரைதா நகரத்தார் தம் ஊரில் பெண்கள் பாடசாலை வேண்டாமென எதிர்த்தனர். விரும்பாதோர் தம் புதல்வியரை அனுப்பத் தேவையில்லை, ஆனால் பாடசாலை மூடப்படமாட்டாது என்பதே அரசின் நிலையாயிருந்தது. காலப்போக்கில் அவ்வூரிலும் பெண்கல்வி வேரூன்றியது.

பெண்கல்விக்கெனத் தனியே அமைந்த அந்நிருவாகம் 2002 வரை நீடித்தது. அவ்வாண்டு மக்காவில் பெண்கள் பாடசாலையொன்றில் மூண்ட தீயில் 15 மாணவியர் உயிரிழந்தனர். நாடே கலங்கியது. அதன் பின்னரே பெண்கல்வி கல்வி அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது.

படித்த பெண்கள் பெருகவே புதிய வினாக்கள் எழுந்தன. நோயாளரைக் காக்கும் பெண் வைத்தியர், மருத்துவமனைக்குச் செல்ல இன்னொருவர் வண்டியோட்டும்வரை காத்திருப்பதேன்? 1990 நவம்பர் 6ஆம் நாள் 47 பெண்கள் ரியாத் வீதிகளில் தாமே வண்டியோட்டிச் சென்றனர். கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன. உத்தியோகம் பார்த்தோர் வேலையினின்றும் நிறுத்தப்பட்டனர்.

அதன் பின்னர் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2013இல் 150 உறுப்பினர் கொண்ட ஆலோசனைச் சபையில் 30 பெண்கள் அமர்த்தப்பட்டனர். 2015இல் நகரசபைத் தேர்தலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். 2019இல், 21 வயது நிரம்பிய பெண் ஆண் காப்பாளரின் இசைவின்றியே கடவுச்சீட்டுப் பெறலாமென விதி மாறிற்று. எனினும், 2022இல் வந்த குடும்பச் சட்டமும் திருமணத்துக்குக் காப்பாளர் வேண்டுமென்றே விதிக்கிறது.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. வண்டியோட்டும் உரிமை நடைமுறைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், அதற்காகக் குரலெழுப்பிய பெண்கள் சிலர் சிறைப்படுத்தப்பட்டனர். அரசர் திறந்த கதவுகளை வரலாறு எளிதிற் குறித்துக்கொள்கிறது. அக்கதவுகளை நெடுங்காலம் தட்டி நின்றோரையும் நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும். படிப்படியாக வந்தது என்பதற்குத் தானாக வந்தது என்பது பொருளன்று.