அப்பாவுக்கு ஒரே ஆபரேஷன் ரெண்டு தடவை: பாலிசியில் நான் கவனிக்காமல் விட்ட வரி

போன வீடியோவுக்குக் கீழே ஒருத்தர் கேட்டிருந்தார்: "அப்பா அம்மாவுக்கு 3 லட்சம் கவர் போதுமா சார்?" இதுக்குப் பதில் எங்க வீட்டிலேயே இருக்கு.

எனக்குச் சொந்த ஊர் தென்காசி. சாரல் சீசன்ல குற்றாலம் ஐந்தருவிக்குப் போனப்போ, 71 வயசு அப்பா ஈரப்படியில் வழுக்கி விழுந்தார். தலையில் லேசான அடிதான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிட்டார். அஞ்சு வாரம் கழிச்சு, நடக்கும்போது இடது கால் செருப்பு தானா கழன்றது. கடையில் மீதிச் சில்லறையை எண்ண முடியாமல் திணறினார். ஸ்கேன் எடுத்தால், மூளைக்கும் அதன் வெளியுறைக்கும் நடுவே பழைய ரத்தம் தேங்கி நிக்குது. திருநெல்வேலியில் ஆபரேஷன், மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு ரத்தத்தை வடிச்சாங்க.

2024 மார்ச்சில் ஈஷா சத்குருவுக்கு டெல்லியில் அவசர ஆபரேஷன் நடந்ததும் இப்படி மூளை உறைக்கு அடியில் தேங்கிய ரத்தத்துக்குத்தான். வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். அதையும் உறையையும் இணைக்கிற மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிக்கும். சின்ன அடியிலேயே கசிய ஆரம்பிச்சு, வாரக்கணக்கில் சேரும்.

ரத்தத்தை எடுத்ததோட கதை முடியறதில்லை. சுருங்கின மூளை அந்த இடத்தை உடனே நிரப்பாது. தேங்கிய ரத்தத்தைச் சுற்றி உருவான சவ்வில் இருக்கிற புதுக் குழாய்களும் திரும்பக் கசியலாம். 2009-ல் லான்செட் இதழில் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு வடிகுழாய் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, வைத்தவர்களில் 9.3 சதவீதம். அதாவது, நல்லா சிகிச்சை பண்ணினாலும் பத்தில் ஒருத்தருக்கு வரலாம்.

அப்பாவுக்கு 24-ஆம் நாள் திரும்ப வந்தது. தலைவலி, எந்நேரமும் தூக்கம். "அசதியா இருக்கும்"னு நாங்க ரெண்டு நாள் சும்மா இருந்துட்டோம். அது தப்பு.

இப்போ கணக்குக்கு வருவோம். கவர் 3 லட்சம். முதல் பில் 2,10,000. மிச்சம் 90,000. ரெண்டாவது பில் 1,80,000. "ரெஸ்டோர் வசதி இருக்கே, கவர் திரும்ப நிரம்பிடும்"னு தைரியமா இருந்தேன். ஆனா அந்த பாலிசியில் அது வேற நோய்க்கு மட்டும்தான். கடைசியா மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்த நாளில் இருந்து 45 நாளுக்குள் நோய் திரும்பினால் அதை ஒரே நோயாகத்தான் கணக்கு வைப்பாங்க. இது பாலிசிகளில் பொதுவா இருக்கிற விளக்கம்தான். ஊருக்கெல்லாம் ஆடிட் பண்ற நான், அப்பாவோட பாலிசியில் அந்த வரியைப் படிக்கலை! கையிலிருந்து போனது 90,000. அவசர நிதி எஃப்டி இருந்ததால கடன் வாங்காமல் தப்பிச்சோம்.

ஸோ, இன்னைக்கே பெற்றோர் பாலிசியை எடுத்து இதையெல்லாம் பாருங்க:

1. ரெஸ்டோர் அதே ஆளுக்கு, அதே நோய்க்குக் கிடைக்குமா?

2. ரூம் வாடகை வரம்பு எவ்வளவு? வரம்பு 3,000 இருக்கும்போது 6,000 ரூபாய் ரூம் எடுத்தால், பல பாலிசிகளில் டாக்டர் ஃபீஸ் உட்பட மற்ற செலவுகளிலும் பாதியை வெட்டிடுவாங்க.

3. கோ-பே எத்தனை சதவீதம்? 20 சதவீதம்னா, 2 லட்சம் பில்லில் 40,000 உங்க பாக்கெட்டில் இருந்து.

4. ஆபீஸ் பாலிசியை மட்டும் நம்பாதீங்க. வேலையை விட்டால் அந்த கவரும் போயிடும்.

5. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருக்கிற சொந்தக்காரங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வாங்கிக் கொடுங்க.

6. பழைய வரிமுறையில் இருந்தால், 60 வயசு தாண்டின பெற்றோர் பிரீமியத்துக்கு 50,000 வரை கழிவு உண்டு. ரொக்கமா கட்டாதீங்க, ரொக்கத்துக்குக் கழிவு கிடையாது.

பணத்தைத் தாண்டி ஒண்ணு: வயசானவங்க தலையில் லேசா அடிபட்டாலும் தேதியைக் குறிச்சு வைங்க. அடுத்த சில வாரத்தில் நடை, பேச்சு, ஞாபகம் மாறினால் உடனே ஸ்கேன். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகும் அதே கவனிப்பு வேணும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறாங்கன்னா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லுங்க. நீங்களா நிறுத்தவும் வேண்டாம், நீங்களா திரும்ப ஆரம்பிக்கவும் வேண்டாம்.

அப்பா இப்போ நல்லா இருக்கார். சில்லறையை என்னைவிட வேகமா எண்றார். உங்க பாலிசியில் புரியாத வரி இருந்தால் கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவில் சேர்ந்து படிப்போம்.