ஒரே செல்... உள்ளங்கை அளவு உடம்பு! கடலடி உயிரிக்குப் பெயர் வைப்பது எப்படி?

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்குகிறீர்கள். அந்தத் தூரத்தை அப்படியே செங்குத்தாகக் கீழே திருப்பிப் பாருங்கள். கிட்டத்தட்ட அவ்வளவு ஆழத்தில், வெளிச்சமே எட்டாத கடல் சேற்றில் ‘ஸீனோஃபயோஃபோர்’ என்ற உயிரி வாழ்கிறது. சில இனங்கள் 10 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். ஆனா, உடம்பு முழுக்க ஒரே ஒரு செல்தான்!

ஒரு செல் இவ்வளவு பெரிசா?

பெரிதாகத் தெரிவதில் பெரும்பகுதி அது கட்டிய ‘வீடு’. சுற்றியுள்ள மண் துகள், பிற உயிரிகளின் ஓட்டுத் துணுக்குகளை ஒட்டிச் சேர்த்துக் கட்டிக்கொள்கிறது. அதற்குள் மெல்லிய இழைகளாக ஓடும் செல்லில் பல உட்கருக்கள் இருக்கும்.

எந்தக் குடும்பம்?

இதில்தான் 120 ஆண்டுக் குழப்பம். 1883இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஹென்றி பிராடி, இதில் ஓர் இனத்தை ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகளோடு சேர்த்தார். 1889இல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹேக்கல், வேறு சில இனங்களைக் கடற்பஞ்சு என்றார். பின்னர் ஷுல்ட்சே இவற்றைத் தனிக் கூட்டமாகப் பிரித்தார். 2003இல் வந்த டி.என்.ஏ. ஆய்வு, இவை ஃபோராமினிஃபெராதான் என்றது. பிராடி சொன்னதே சரி!

ஏன் இவ்வளவு தாமதம்?

தொட்டாலே உதிர்ந்துவிடும் உடம்பு. வலையில் சிக்கினால் மிஞ்சுவது துண்டுகள்தான். இப்போது ரோபோ, படம் எடுத்துவிட்டுப் பக்குவமாக அள்ளி வருகிறது. பிறகு ஓட்டின் வடிவம், அது எதனால் கட்டப்பட்டது, டி.என்.ஏ. என மூன்றையும் ஒப்பிடுகிறார்கள். ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடைப்பட்ட பசிபிக் கடலடியில் கிடைத்த 4 புதிய இனங்களுக்கு 2020இல் இப்படித்தான் பெயர் சூட்டினார்கள். அதில் ‘அபிஸாலியா’ என்ற பேரினம், கடற்பஞ்சுகளின் கண்ணாடி போன்ற ஊசிகளைக் கொண்டே வீடு கட்டுகிறது.

இதனால் நமக்கென்ன?

அதே பசிபிக் தரையில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், தாமிரம் அடங்கிய உருண்டைகள் கிடக்கின்றன. பேட்டரி முதல் பல தொழில்களுக்கு இவை வேண்டும். மத்திய இந்தியப் பெருங்கடலிலும் இவை உண்டு. அங்கே 75,000 சதுர கி.மீ. பரப்பில் ஆய்வு செய்யும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. 6,000 மீட்டர் ஆழத்துக்கு 3 பேரை அனுப்ப, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கியை உருவாக்கி வருகிறது.

சிக்கல் இங்கேதான். ஓர் உருண்டை சில மில்லிமீட்டர் வளரவே 10 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஒருசெல் உயிரிகள் பலவும் அந்த உருண்டைகளில் ஒட்டியே வாழ்கின்றன. அள்ளினால் அவையும் போய்விடும். பெயரே இல்லாத உயிரி அழிந்தால், அது எந்தக் கணக்கிலும் வராது. அதனால்தான், இயந்திரம் இறங்கும் முன்பே பெயர்ப் பட்டியல் தயாராக வேண்டியிருக்கிறது.