ஆபிரிக்க சிக்லிட் மீன்கள்: எதனோடு எதனைச் சேர்ப்பது?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடுக்குமாடி வீடுகளின் வரவேற்பறைகளில் மீன்தொட்டிகளைப் பரவலாகக் காணக்கூடியதாக இருக்கின்றது. கப்பியும் தங்கமீனும் வளர்த்துப் பழகியவர்களில் பலர் அடுத்ததாக விசாரிப்பது ஆபிரிக்க சிக்லிட் மீன்களைப் பற்றித்தான். கடல்மீனின் நிறம், நன்னீர் மீனின் செலவு. அலங்கார மீன் விற்கும் சகோதரர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால், வாடிக்கையாளர் கைகாட்டும் நிறங்களையெல்லாம் ஒரே பையில் போட்டுக் கொடுத்தால் சில வாரங்களில் மீனும் போகும், வாடிக்கையாளரும் போவார். வீட்டில் நாலடித் தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது தண்ணீர். மலாவி ஏரியின் நீர் காரத்தன்மை கொண்டது, பீ.எச். அளவு 7.8 முதல் 8.6 வரை. களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் கொழும்புக்கு வரும் குழாய்நீரோ மென்மையானது. எனவே குளோரினை நீக்கிய பின், வடிகட்டியில் நொறுக்கிய சிப்பி ஓடு அல்லது சுண்ணாம்புக்கல் இட வேண்டும். கொழும்பின் வெப்பத்துக்கு ஹீற்றர் அவசியமில்லை.

இரண்டாவது உணவு. 'முபுனா' எனப்படும் பாறை மீன்கள் பாசி தின்பவை. 'பீகொக்' வகை மணலில் சிறு உயிர்களைத் தேடித் தின்னும் சாதுவான மீன். இரண்டையும் சேர்த்தால் முபுனா விரட்ட, பீகொக் நிறம் மங்கி ஒதுங்கிவிடும். பீகொக்கின் புரத உணவை முபுனாவுக்கும் தொடர்ந்து போட்டால் வயிறு வீங்கி இறக்கக்கூடும்.

மூன்றாவது நிறம். தன்னைப் போன்ற நிறமுள்ள ஆணைத்தான் ஆண் மீன் முதலில் தாக்கும். 'கென்யி' மீனில் பெண் நீலம், வளர்ந்த ஆண் மஞ்சள். அதை 'யெலோ லெப்' மீனோடு விட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 'ஒராட்டஸ்' மீனையும் புதியவருக்கு விற்காதிருப்பதே நல்லது.

அப்படியானால் எதைக் கொடுப்பது? 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமான தொட்டிக்கு யெலோ லெப், ரஸ்டி, அசேய் ஆகிய மூன்றும் பொருத்தம். நிறங்கள் வேறு, உணவு ஒன்று, முபுனாக்களில் இவை சாதுவானவை. ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் கொடுங்கள். ஒளிந்துகொள்ளக் கல் பொந்துகள் நிறைய வேண்டும். இத்தொட்டியில் தண்ணீர் மட்டும் சுமார் 250 கிலோ நிறை என்பதை மாடிவீட்டாருக்கு முற்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2022 மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பின் அருமை தெரியும். அதுவும் உங்களுக்கு ஒரு விற்பனைதான்.

கலப்பினக் குஞ்சுகள் விடயத்திலும் கவனம் தேவை. வெவ்வேறு பீகொக் வகைகளின் பெண்கள் ஒரே சாம்பல் நிறமாக இருப்பதால் இனம் எளிதில் கலந்துவிடும். கலப்புக் குஞ்சை அசல் பெயரில் விற்பவர், விடயம் தெரிந்த ஒரு வாடிக்கையாளர் வந்தாலே பெயரைக் கெடுத்துக்கொள்வார்.

வேண்டாத மீனைக் கால்வாயில் விடுவதும் கூடாது. 1952இல் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் ஆபிரிக்க சிக்லிட்தான். அது இன்று நாட்டின் குளமெங்கும் பரவியிருக்கின்றது. ஆகவே, "வளர்க்க முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தாருங்கள்" என்று சொல்லும் கடையாக உங்கள் கடை இருக்கட்டும். திருப்பிக் கொடுக்க வருபவர் அநேகமாக வேறொன்றை வாங்கிக்கொண்டுதான் போவார்.