போதையை விட உதவும் மாத்திரை: தெரிந்து கொள்வோம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, தவணை எல்லாம் நோட்டில் எழுதி முடித்தாயிற்று. எல்லோரும் எழுந்து போன பிறகும் ஒரு உறுப்பினர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கறவை மாட்டுக் கடனில் மூன்று தவணை பாக்கி. அதைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று நினைத்தோம்.

"மேடம், எம் பையன் வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்டுக்கிற பழக்கத்துல விழுந்துட்டான். ஆஸ்பத்திரியில ஒரு மாத்திரை குடுத்தாங்க. நல்லாத்தான் இருந்தான், வேலைக்கும் போனான். அதுவும் போதை மாத்திரைதான்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன். ரெண்டு வாரத்துல மறுபடியும் ஊசி போட்டு மயங்கிட்டான். 108-ல கொண்டு போய்த்தான் உசுரு பொழைச்சுது" என்று அழுதார்.

அந்தத் தாய் செய்தது பாசத்தால்தான். விவரம் தெரியாததால் மகனையே இழக்கப் பார்த்தார். வேறு எந்த வீட்டிலும் இப்படி நடக்கக் கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டதால், பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறோம்.

இது என்ன மாத்திரை?

இதன் பெயர் புப்ரினார்பின். ஹெராயின், அபின், டபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் ஆகியவற்றுக்கு அடிமையானவர்களுக்கு டாக்டர் கொடுப்பது. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் ஊசி மூலம் எச்.ஐ.வி. பரவுவதைக் குறைக்க, அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு.

குடிப்பழக்கத்துக்கும் கஞ்சாவுக்கும் இது மருந்து அல்ல. வீட்டுக்காரர் குடியை நிறுத்துவார் என்று நினைத்து யாரும் கொடுத்துவிட வேண்டாம். குடியோடு இது சேர்ந்தால் ஆபத்து.

எப்படி வேலை செய்கிறது?

நம் மூளையில் பூட்டுத் துவாரம் போல சில இடங்கள் இருக்கின்றன. போதை மருந்து அதில் போய் உட்கார்ந்தால்தான் மயக்கம் வரும். பழகிப் போனவருக்கு அந்த இடம் காலியானால் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வாந்தி பேதி ஆகும், தூக்கம் போய்விடும். இந்த வேதனை தாங்காமல்தான் மறுபடியும் ஓடுகிறார்கள்.

புப்ரினார்பின் அந்த இடத்தில் போய் இறுக்கமாக உட்கார்ந்து கொள்கிறது. வேதனை அடங்கும், ஏக்கம் குறையும். சரியான அளவில் எடுத்தால் ஹெராயின் தருவது போன்ற கிறக்கம் இருக்காது. ஆள் வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம். பிரஷர், சர்க்கரைக்கு தினமும் மாத்திரை போடுகிறோம் அல்லவா, அது போலத்தான் இதுவும்.

எப்படிச் சாப்பிட வேண்டும்?

விழுங்கக் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்து, தானாகக் கரையும் வரை விட வேண்டும். கரைந்த பின் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்கலாம். இல்லாவிட்டால் பல் கெடும்.

முதல் மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்தில்தான் போட வேண்டும். போதை மருந்து உடம்பில் இருக்கும்போதே போட்டால், அதைத் தள்ளிவிட்டு இது உட்காரும். உடனே கடுமையான வேதனை வந்துவிடும்.

மலச்சிக்கல், தலைவலி, வியர்வை, தூக்கக் கலக்கம் வரலாம். டாக்டரிடம் சொன்னால் வழி சொல்வார்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

ஒன்று: மது, தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை ஆகியவற்றோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகும்.

இரண்டு: சின்னக் குழந்தை ஒரு மாத்திரையை வாயில் போட்டாலும் உயிருக்கு ஆபத்து. ஜன்னலிலோ தலையணைக்கு அடியிலோ வைக்காதீர்கள். பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

மூன்று: திடீரென்று நிறுத்துவது. சிகிச்சையில் இருக்கும்போது, பழைய அளவு போதை மருந்தைத் தாங்கும் சக்தி உடம்பில் குறைந்துவிடும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழைய அளவையே போட்டால் உயிர் போகலாம். அந்தத் தாயின் மகனுக்கு நடந்தது இதுதான். எவ்வளவு காலம் எடுப்பது, எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பலருக்கு மாதக் கணக்கிலும் சிலருக்கு வருடக் கணக்கிலும் தேவைப்படும்.

கர்ப்பிணிப் பெண் இந்தச் சிகிச்சையில் இருந்தால் அவரும் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும்.

தவறாகப் பயன்படுத்துவது எப்படி?

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை முழுப் பொய் என்று நாம் சொல்லவில்லை. 1990-களில் சென்னையில் புப்ரினார்பின் ஊசி மருந்தையே போதைக்குப் போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். இன்றும் சிலர் மாத்திரையை நாக்கில் வைத்தது போல வைத்து, வெளியே எடுத்து விற்கிறார்கள். பொடி செய்து ஊசியில் ஏற்றுகிறார்கள். இதனால் நரம்பு அடைபடும், சீழ் கட்டும். ஒரே ஊசியைப் பலர் போட்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவும்.

இதைத் தடுக்கத்தான் பல மாத்திரைகளில் நலாக்ஸோன் என்ற மருந்தையும் சேர்க்கிறார்கள். நாக்கின் அடியில் வைத்தால் அது பெரிதாக வேலை செய்யாது. ஊசியில் ஏற்றினால் அடிமையானவருக்கு வேதனையைக் கிளப்பிவிடும். திருடனுக்குப் போட்ட பூட்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் பூட்டு இருக்கிறது என்று காவலை விட்டுவிடக் கூடாது. அதனால்தான் சில மையங்களில் ஊழியர் கண் முன்னாலேயே மாத்திரை போடச் சொல்கிறார்கள். அவமானப்படுத்துகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இது சட்டப்படி கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. டாக்டர் இல்லாமல் வாங்குவதும் விற்பதும் குற்றம்.

நாம் என்ன செய்யலாம்?

மாத்திரையைப் பூட்டி வையுங்கள். அன்றன்றைக்கு உள்ளதை எடுத்துக் கொடுங்கள், கரையும் வரை பக்கத்தில் இருங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். "இன்னும் எத்தனை நாள்தான் இதைத் தின்பாய்?" என்று குத்திப் பேசாதீர்கள்.

கூப்பிட்டால் எழவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது, உதடு நீலமாகிறது, கண்மணி ஊசி முனை போலச் சுருங்கிவிட்டது என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன போட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இந்தச் சிகிச்சை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். போதை மீட்புக்கான இலவச எண் 14446. பேசினால் வழி சொல்வார்கள்.

அந்தத் தாயின் மகன் மறுபடியும் சிகிச்சைக்குப் போகிறான். மாத்திரை, குழுப் பணம் வைக்கும் தகரப் பெட்டியில் பூட்டியிருக்கிறது. சாவி அம்மாவின் தாலிக் கயிற்றில். குழு கூடிப் பேசித் தவணைக்கு அவகாசம் கொடுத்தது. இந்த வாரம் ஒரு தவணை கட்டினார்.

அவர் அன்று எழுந்து போயிருந்தால் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. தவணை பாக்கி என்றால் கடிந்து கொள்வதற்கு முன், "வீட்டுல என்ன பிரச்சினை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை ஒருவர் படிக்க, எல்லோரும் கேட்டுப் பேசுங்கள்.